ஐலீன் சொன்ன ஒரே சொல்

மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குருவுக்கு நாற்பதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கலாம். சீடர் தில்லைநாயகம் ஐம்பத்தாறை முடித்தவர். மதுரையில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். மனைவி இறந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தார். மற்றவர்கள் அவரை ஐயா என்பார்கள். குரு மட்டும் ‘வாத்தியாரே’ என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று தில்லைநாயகத்துக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஆசிரமத்தில் அவருக்கு ஒரே நண்பர், பிரெண்டன் என்ற அயர்லாந்துக்காரர். சில நாள் தங்கிப் போக வந்தவர், போகவேயில்லை. சமையற்கட்டில் அவருக்குப் பிரண்டைச் சாமி என்று பெயர். காலையில் இருவரும் ஓடைவரை நடப்பார்கள். தில்லைநாயகம் தன் மனைவியின் கடைசி நாட்களைப் பற்றி அந்த நடையில்தான் பேசினார், அதுவும் ஆங்கிலத்தில். வேறு யாரிடமும் வேறு எந்த மொழியிலும் அதைப் பேசியதில்லை.

மழைக்காலத்தில் பிரெண்டன் படுத்துவிட்டார். நடை நின்றது. தில்லைநாயகம் கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒருநாள் பிரெண்டனின் மனைவி ஐலீன் வந்து இறங்கினார். கணவரை அழைத்துப் போக வந்திருந்தார்.

“சாமி போகச் சொன்னால் போகிறேன். இல்லையென்றால் இல்லை” என்று பிரெண்டன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதனால் ஐலீன் குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். குருவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஐலீனுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் தில்லைநாயகம். மத்தியானம் கார் வந்துவிடும்.

ஐலீன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வேகமாகப் பேசினார்.

“என்ன சொல்றாங்க?” என்றார் குரு.

“அவர் ரொம்ப இளைச்சுப் போறாராம், சாமி.”

ஐலீன் மேலும் பேசினார்.

“ராத்திரியில குழம்பிடறாராம். போன்ல பேசும்போதே தெரியுதாம்.”

“அப்புறம்?”

“அவங்க ஊர்ல இப்போ நாலு மணிக்கே இருட்டிடுதாம். தனியா இருக்கப் பயப்படறாங்களாம். வயசாகுதாம். வீட்ல ஏதோ வேலையெல்லாம் பார்த்து வெச்சிருக்காங்களாம்.”

குரு கையைத் தூக்கினார்.

“நில்லுங்க வாத்தியாரே. அந்தம்மா வாயில ஒரே சத்தம் பல்லி மாதிரி வந்துக்கிட்டே இருக்கு. கெட், கெட்னு. நீங்க ஒவ்வொரு தடவையும் வேற வேற சொல்றீங்க. இளைக்குதுங்கிறீங்க, இருட்டுதுங்கிறீங்க, வயசாகுதுங்கிறீங்க. அவங்க எதைத்தான் சொல்றாங்க?”

“எல்லாத்தையும்தான் சாமி. கெட்ங்கிறது இங்கிலீஷ்ல அப்படி ஒரு சொல். தனியா அதுக்கு முகமே கிடையாது. பக்கத்துல இருட்டை வெச்சா இருட்டும். பயத்தை வெச்சா பயப்படும். வேலையை வெச்சா வேலை கிடைக்கும். பஸ்ஸை வெச்சா ஓடிப்போய்ப் பிடிக்கும்.”

“இதையா அத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தீங்க?”

“ஆமா, சாமி.”

“பசங்க பாவம்.”

குரு சிரித்ததைப் பார்த்து என்ன விஷயம் என்று ஐலீன் கேட்டார். உங்கள் மொழியின் ஒரு சொல்லைப் பற்றிப் பேச்சு என்றார் தில்லைநாயகம். கணவனைத் திருப்பித் தருவதற்கு முன் உங்கள் சாமி ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டுமா என்று ஐலீன் கேட்டார். இதைத் தில்லைநாயகம் மொழிபெயர்க்கவில்லை.

ஐலீன் கைப்பையைக் கீழே வைத்தார். குருவை நேராகப் பார்த்து, நிறுத்தி, சின்னதாக ஒன்று சொன்னார்.

“அவரைக் கொண்டுபோகணும்ங்கிறாங்க” என்றார் தில்லைநாயகம்.

“கொண்டுபோகணுமா?”

“ஆமா, சாமி.”

“கடைசியா ஹோம்னு என் காதுல விழுந்துச்சே. அது எனக்கே தெரியும்.”

தில்லைநாயகத்துக்கு முகம் சூடானது. விழுந்திருக்கிறதுதான். வீட்டுக்கு என்ற சொல்லை எப்படி விட்டோம்? கூட்டிக்கொண்டு போக என்று சொல்லியிருக்கலாம். வீடு சேர்க்க என்று சொல்லியிருக்கலாம். வாயில் முதலில் வந்தது ‘கொண்டுபோக’. வந்ததா, எடுத்தோமா? சரக்கைக் கொண்டுபோவார்கள். பிணத்தைக் கொண்டுபோவார்கள். ஆனால் பிழை என்று சொல்ல முடியாதே. பள்ளியில் ஒரு பையன் அப்படி எழுதியிருந்தால் சரி என்றுதான் போட்டிருப்பார். அப்படியானால் ஏன் முகம் சுடுகிறது?

“வீட்டுக்குத்தான், சாமி. விட்டுப்போச்சு.”

குரு ஐலீன் பக்கம் கையைக் காட்டினார்.

“சரி. அந்தம்மாவை முதல்ல இருந்து சொல்லச் சொல்லுங்க. இந்தத் தடவை அந்தச் சொல்லை மாத்தாதீங்க. அது வர்ற இடத்துல அதை அப்படியே வெச்சிடுங்க. மத்ததை மட்டும் தமிழ்ல கொடுங்க.”

“அர்த்தம் வராதே சாமி.”

“வராட்டி எனக்குத்தானே வராது.”

ஐலீன் தோளைக் குலுக்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். தில்லைநாயகம் சொல்லச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. இலக்கணம் தெரியாத குழந்தை பேசுகிற மாதிரி இருந்தது.

“அவர் மெலிவு கெட்.”

“ம்.”

“நாலு மணிக்கு இருட்டு கெட். நான் பயம் கெட்.”

“ம்.”

“மாடியில இருந்த கட்டிலைக் கீழே கெட். அவர் படி ஏற வேண்டாம்னு. ஜன்னல் ஓரமா. அங்கிருந்து கடல் தெரியும். கூரை ஒழுக்கு... ஒழுக்கு சரி கெட்.”

குரு நிமிர்ந்தார். “இதை முதல்லயும் சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வீட்ல ஏதோ வேலை பார்த்து வெச்சிருக்காங்கன்னு சொன்னேன்.”

“ம். மேல சொல்லுங்க.”

“அவரைப் பார்த்ததும் நான் கோபம் கெட். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கிட்டதும் கோபம் போயிடுச்சு.” தில்லைநாயகத்தின் குரல் இறங்கியது. “அவரை வீடு கெட்.”

குரு ஐலீனைப் பார்த்துத் தலையசைத்தார். ஐலீனும் தலையசைத்தார். இடையில் உட்கார்ந்திருந்த தில்லைநாயகத்துக்கு, தான் அங்கே எதற்கு இருக்கிறோம் என்று ஒரு கணம் விளங்கவில்லை.

“போகட்டும்” என்றார் குரு.

ஐலீன் தில்லைநாயகத்தின் முகத்தைப் பார்த்தார். சாமி என்ன சொன்னார் என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. தில்லைநாயகம் ஆங்கிலத்தில் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கும் அந்த ஒரே சொல்தான் கிடைத்தது.

ஐலீன் எழுந்தார். குருவைக் கும்பிடுவதா, கை கொடுப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதியில் விட்டுவிட்டு, பிரெண்டனின் அறையை நோக்கி விரைந்தார்.

தில்லைநாயகம் எழவில்லை.

“சாமி.”

“சொல்லுங்க.”

“முதல் தடவை நான் தப்பா மொழிபெயர்த்தேனா?”

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, வாத்தியாரே.”

“எந்த அகராதியை எடுத்துப் பார்த்தாலும் நான் சொன்னது சரியா இருக்கும். ஒவ்வொரு சொல்லும்.”

“இருக்கும்.”

“நான் வேணும்னு எதையும் மாத்தலை, சாமி. அப்படித்தான் நினைக்கிறேன். ஆனா இப்போ யோசிச்சா... எது தானா வந்துச்சு, எதை நான் எடுத்தேன்னு எனக்கே தெரியலை.”

பிரெண்டன் அறையில் ஐலீனின் குரல் கேட்டது. பிறகு பிரெண்டனின் இருமல். பிறகு, வெகுநாளாகக் கேட்காத அவர் சிரிப்பு.

தில்லைநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா ஒரே சொல்லை வெச்சுக்கிட்டு என்னென்னவோ சொன்னாங்க” என்றார் குரு. “நீங்க விதவிதமாச் சொல்லை எடுத்தீங்க. ஆனா சொன்னது ஒண்ணுதான்.”

“என்ன சொன்னேன், சாமி?”

“போகாதே.”

வாசலில் கார் வந்து நின்றது. தில்லைநாயகம் மேல்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். குரு அவர் துண்டை எடுக்கும்வரை காத்திருந்தார்.

“அதை எதுக்கு என்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கீங்க, வாத்தியாரே? அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு, அவர் துணிமணியை மடிச்சு வெச்சுக் கொடுங்க.”