புளி போட்டுத் துலக்கிய தோட்டாக்கள்

“உஸ்தாத், இதுல எது நல்லது, எது கெட்டதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

எபினேசர் துணியை விரித்தார். உள்ளே பழைய தோட்டாக்கள். குத்துவிளக்கு மாதிரி மின்னின.

கோத்தகிரி கடைவீதியில் துப்பாக்கி பழுது பார்க்கும் மைதீன் ராவுத்தர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். எபினேசர் அவரிடம் தொழில் கற்க வந்து சில வருஷமாகிறது. சீடருக்குத்தான் வயது கூட.

“இன்னைக்கு ராத்திரி என் மகன் துப்பாக்கியோட மரத்துப் பரண்ல உட்காரப் போறான். எஸ்டேட் லயத்து வீட்டுக்குள்ள புகுந்து சிறுத்தை ஒரு பிள்ளையைத் தூக்கிட்டுப் போனதிலேர்ந்து ஒருத்தர் கண்ணும் மூடலை. ஃபாரஸ்ட்காரங்க கூண்டு கொண்டுவர ரெண்டு நாளாகுமாம்.”

“துரையோட துப்பாக்கியா?”

“எஸ்டேட்ல அது ஒண்ணுதான் இருக்கு.” கூடவே கொண்டுவந்து சுவரில் சாத்தியிருந்த துப்பாக்கியை எபினேசர் காட்டினார்.

அந்தத் துப்பாக்கிக்குக் கடையில் தோட்டா கிடையாது. எந்தக் கம்பெனியும் செய்ததில்லை. வேறு துப்பாக்கியின் பித்தளைக் கூட்டை வாங்கி, கழுத்தை இறுக்கி, வெடிமருந்தைத் தன் கணக்குக்கு அடைத்து, செத்துப்போன எஸ்டேட் துரை தன் கையாலேயே செய்தது. அடியில் பொறித்திருக்கும் எழுத்தை நம்பினால் மோசம்தான்.

ராவுத்தர் ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

“புளி.”

“பின்னே? பச்சையா களிம்பு பூத்துக் கிடந்துச்சு. என் வீட்டுக்காரிதான் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினா.”

“துலக்காம கருத்த தோட்டான்னா மெட்ராஸ்ல பழசு சேர்க்கறவங்க கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்குவாங்க. இனி சும்மா கொடுத்தாலும் தொடமாட்டாங்க.”

“விலை யாருக்கு வேணும் உஸ்தாத்? சுடுமா?”

“சுடும். யாரைன்னுதான் தெரியலை.”

வெளியே மூடுபனி வாசல்வரை வந்துவிட்டது. எதிர்க்கடையைக் காணவில்லை.

“சில தோட்டா கழுத்துல கருப்பா வளையம் இருந்திருக்குமே?”

“இருந்துச்சு. அழுக்குன்னு அதைத்தான் அழுத்தித் தேய்ச்சோம்.”

ராவுத்தர் தோட்டாவை மெல்லக் கீழே வைத்தார்.

“காவக்காரன் தோட்டா திருடறான்னு துரைக்குச் சந்தேகம். அவனுக்குன்னே கொஞ்சம் செஞ்சார். சுட்டா, சுடறவன் முகத்துலதான் வெடிக்கும். தான் மாத்தி எடுத்துடக் கூடாதேன்னு கழுத்துல மை தடவி வெச்சார். என்கிட்ட சொல்லிச் சிரிச்சார்.”

“அவன் திருடினானா?”

“அதுக்குள்ள துரை காய்ச்சல்ல போயிட்டார். அதுங்க இன்னும் ஆள் பார்த்துக்கிட்டு இருக்குதுங்க.”

“ஏசப்பா…”

எபினேசர் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கினார். சிலவற்றுள் மருந்து சரசரத்தது, பக்கத்து அறையில் யாரோ குசுகுசுப்பதுபோல. சில ஊமையாய் இருந்தன.

“குலுங்காததுதான் கெட்டது. அளவுக்கு மேல அடைச்சிருக்கார்.”

“ஈரத்துல மருந்து கட்டிப்போனாலும் குலுங்காது. நல்லதையும் துரை கழுத்துவரைக்கும் அடைப்பார்.”

“அப்போ குலுங்கறது நல்லது?”

“வேகமான மருந்துன்னா அரைக்கூடு போதும், ஆளை முடிக்க.”

“நீங்களே பிரிச்சுக் கொடுத்துடுங்க உஸ்தாத்.”

“நீ பிரி.”

எபினேசர் பிரித்தார். குலுக்கினார், ஜெபித்தார், மறுபடி பிரித்தார். இரண்டு குவியல் ஆயிற்று.

“இது நல்லது. என் மகன் மேல சத்தியமா.”

ராவுத்தர் அந்தக் குவியலிலிருந்தே ஒன்றை எடுத்துத் துப்பாக்கியில் போட்டார். கொல்லையில் கிடந்த மணல் மூட்டையைக் காட்டினார்.

“கன்னத்தை வை.”

எபினேசர் வைத்தார்.

துப்பாக்கிக் கட்டை சில்லென்றிருந்தது. கன்னம் படும் இடத்தில் சின்னக் குழி. இன்னொருவர் கன்னம் தேய்த்துத் தேய்த்து உண்டான குழி. அங்கே ஏற்கெனவே ஒரு முகம் சாய்ந்திருப்பதுபோல் இருந்தது. அது இவர் கூடவே மூச்சை இழுத்து, விடாமல் பிடித்துக்கொண்டது.

விரல் நகரவில்லை.

“என்ன? நல்ல குவியல்லேர்ந்துதானே எடுத்தேன்.”

எபினேசர் கட்டையிலிருந்து கன்னத்தை எடுத்தார். ராவுத்தர் துப்பாக்கியை வாங்கித் தோட்டாவை வெளியே எடுத்தார். எந்தக் குவியலிலும் சேர்க்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வாசலில் மகன் ஜெபசிங்கின் குரல் கேட்டது. பனியில் ஆள் தெரியவில்லை.

“அப்பா, பொழுது சாயுது. சீக்கிரம் சொல்லுங்க, எதை எடுத்துட்டுப் போகட்டும்?”

எபினேசர் கன்னத்தைத் தேய்த்தார். அந்தக் குளிர் போகவில்லை.

“தகரம்,” என்றார். “லயத்துல இருக்கிற அத்தனை தகரத்தையும் எடுத்து வைடா. விடிய விடியத் தட்டுவோம், அந்தச் சத்தத்துக்குச் சிறுத்தை கிட்ட வராது. நானும் வர்றேன்.”