வால்டர் காலடியில் சிவப்பு வெளிச்சம்

தூத்துக்குடிப் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் வால்டர்தான் கிடார் மன்னர். ஆனால் மேடையில் அவர் விரலை மட்டும்தான் ஓட்டுவார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நிஜமாக வாசிப்பவள் அமலி. வெளியே சொன்னால் அவள் பிழைப்பு போய்விடும்.

ஒருநாள் வால்டர் சொன்னார்: "ஏட்டி, எனக்குக் கால்ல மிதிக்கற ஓவர்டிரைவ் பெட்டி ஒண்ணு செஞ்சு தா. நான் வாசிக்கறத ஊரே கண்ணால பாக்கணும். முடியலன்னா இனிமே இந்தப் பக்கம் வராத."

"பாக்க வச்சிருவோம் அண்ணாச்சி" என்றாள் அமலி.

கிடார் ஒலியின் உச்சியை வெட்டி, கேட்பவரைக் கிறங்கடிக்கும் அந்தக் கரகரப்பைத் தருவது பெட்டிக்குள் இருக்கும் டயோடுகள் என்னும் குட்டி மின்பாகங்கள்தான். சாதா டயோடுகளை ஒதுக்கிவிட்டு, அமலி இரண்டு சிவப்பு எல்.இ.டி.களைப் போட்டு, மூடியில் துளையிட்டு வெளியே தெரிய வைத்தாள். தந்தியை ஓங்கி மீட்டினால் அவை ஒலியையும் வெட்டும், தாமும் எரியும்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் கூட்டம் நெரிந்தது. வால்டர் தன் கிடாரின் வயரைப் பெட்டியில் செருகி, அதை மிதித்தார். இசை பொங்கியது, அவர் விரல்கள் பறந்தன. பெட்டி மட்டும் இருண்டே கிடந்தது.

"அண்ணாச்சி, லைட்டு எரியலையே" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

வால்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏ அமலி, இங்க வாட்டி. ஒன் பெட்டி ரிப்பேரு."

கூப்பிட்ட குரலுக்கு அமலி வாசிப்பை நிறுத்திவிட்டுக் கிடாரோடு வந்து நின்றாள். இசை நின்றுபோயிருந்தது. வால்டரின் விரல்கள் மட்டும் இன்னும் பறந்துகொண்டிருந்தன.

"பெட்டிக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வாசிச்சா எரியும்."

தன் கிடாரின் வயரைப் பெட்டியில் செருகி அவள் ஓங்கி மீட்டினாள். சிரிக்கத் தொடங்கிய கூட்டம் அப்படியே அடங்கியது. யாரோ மேடை விளக்குகளை அணைத்தார்கள். அவள் விரல் அசைய அசைய, இருட்டில் அந்தச் சிவப்பு வெளிச்சம் மூச்சு விட்டது.