குடுக்கைக்குள் எத்தனை கொட்டை?

ஏரிக்கரைக் காட்டில், ஒரு புளியமரத்தடியில், உடும்பு விலைக்கடை வைத்திருந்தது. எந்தப் பொருளைக் காட்டினாலும் அது இரண்டு விலை சொல்லும். குறைந்த விலைக்கு வாங்கும். கூடின விலைக்கு விற்கும். நடுவில் நிற்கும் வித்தியாசம்தான் அதன் சாப்பாடு.

கடையில் விலை சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. வேலை கிடைத்தால் மழைக்காலம் முழுக்க நனையாத பொந்தும் வயிறாரச் சாப்பாடும் உண்டு. அணிலும் முயலும் அந்த வேலைக்கு ஆசைப்பட்டன.

"என்னிடம் படித்தால் வேலை நிச்சயம்," என்றது மைனா. அது எதிர் வேப்பமரத்தில் பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. கட்டணம், மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்த வேர்க்கடலை முழுவதும். இரண்டும் கொண்டுவந்து கொட்டின. இனி வேலை கிடைக்காவிட்டால் பட்டினிதான்.

வகுப்பில் மைனா கேட்கும்; மற்றவை கத்தும்.

"இந்த வேலைக்கு ஏன் வந்தாய்?"

"சின்ன வயதிலிருந்தே ஆசை!"

"சொன்ன விலையை?"

"மாற்றக் கூடாது!"

"மாற்றினால்?"

"தைரியம் இல்லை என்று அர்த்தம்!"

அணிலுக்குக் கூச்சம் அதிகம். ஒருநாள் மெல்லக் கேட்டது. "சார், நாம் சொன்ன விலை தப்பு என்று நடுவில் தெரிந்தால்?"

"பாருங்கள், இந்தம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது," என்றது மைனா. "உனக்கு வால்தான் பெரிசு. உட்கார்."

வகுப்பே சிரித்தது. அணிலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் உட்கார்ந்துகொண்டது.

தேர்வு நாள் வந்தது. முதலில் முயல் போனது.

"ஏன் வந்தாய்?" என்றது உடும்பு.

"சின்ன வயதிலிருந்தே ஆசை, ஐயா."

"உனக்கு இப்போதும் சின்ன வயதுதானே?"

முயலுக்கு அதற்குப் பதில் சொல்லித் தரப்படவில்லை. உடும்பு ஒரு குவியல் கூழாங்கல்லை அதன் முன் வைத்தது. பிறகு மூடிய சுரைக்குடுக்கை ஒன்றைக் காட்டியது.

"இதற்குள் புளியங்கொட்டை இருக்கிறது. ஒரு கொட்டையின் மதிப்பு ஒரு கல். மொத்தத்தையும் எத்தனை கல்லுக்கு வாங்குவாய், எத்தனைக்கு விற்பாய்? நீ சொல்லும் விலையில் வாங்குவதா விற்பதா என்பது என் இஷ்டம். கல் தீர்ந்தால் நீ போகலாம்."

"இருபதுக்கு வாங்குவேன், முப்பதுக்கு விற்பேன்."

"இந்தா, இருபதுக்கு விற்றேன். இதே போல நிரப்பிய குடுக்கை இன்னும் நிறைய இருக்கிறது. விலை சொல்."

முயல் பாடத்தை நினைத்துக்கொண்டது. "இருபது, முப்பது."

"விற்றேன். விலை சொல்."

"இருபது, முப்பது."

"விற்றேன்."

கல் தீர்ந்தது. குடுக்கைகளைத் திறந்தால், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டே கொட்டை. முயல் காது தொங்க வெளியே போனது.

அடுத்து அணில். உடும்பு தன் கையாலேயே குடுக்கைகளை மறுபடி நிரப்புவதை அது பார்த்துக்கொண்டே வந்தது. உள்ளே எத்தனை என்று தெரியவில்லை. ஆனால் உடும்புக்குத் தெரியும் என்பது தெரிந்தது.

"இருபதுக்கு வாங்குவேன், முப்பதுக்கு விற்பேன்," என்றது அணில்.

"இருபதுக்கு விற்றேன்!" என்றது உடும்பு உடனே. "அடுத்ததும் இதே அளவுதான். விலை சொல்."

அணில் குடுக்கையையும் உடும்பையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு சொன்னது. "எட்டுக்கு வாங்குவேன், பதினைந்துக்கு விற்பேன்."

உடும்பின் வால் ஆடாமல் நின்றது. "ஏன் மாற்றினாய்?"

"நிரப்பினவர் நீங்கள். நீங்களே இவ்வளவு அவசரமாக விற்றால் உள்ளே சரக்குக் குறைவு, ஐயா."

"நாளைக்கே வேலைக்கு வந்துவிடு," என்றது உடும்பு. "யாரிடம் படித்தாய்?"

"மைனாவிடம்."

"அதுவா! வருஷா வருஷம் இங்கே வந்து தோற்ற பறவை ஆயிற்றே. முதலில் சொன்ன விலையை விடவே விடாது."

அணில் வேப்பமரத்துக்கு ஒரே ஓட்டமாக ஓடியது. அங்கே புதிதாக வந்த கீரி, கடலை மூட்டையோடு நின்றிருந்தது.

"இதோ, என் மாணவி! வேலை வாங்கிவிட்டாள்!" என்றது மைனா.

அணில் மைனாவின் முன்னால் போய் நின்றது. இந்த முறை கூச்சம் இல்லை. "நீ தோற்ற பாடத்தையே எங்களுக்கு விற்றாயே, வெட்கமாக இல்லையா? முயலின் பொந்தில் ஒரு கடலைகூட இல்லை. அதன் கடலையைத் திருப்பிக் கொடு."

"கட்டணம் திருப்பித் தரப்படாது. முதல் நாளே சொல்லிவிட்டேன்," என்ற மைனா, கீரியின் பக்கம் திரும்பியது. "நீ இதைக் காதில் வாங்காதே, தம்பி. இன்றே சேர்ந்தால் பாதிக் கட்டணம்."

கீரி அணிலைப் பார்த்தது.

"சரி, கால்வாசி," என்றது மைனா. "கால்வாசிகூட வேண்டாம், ஒரு பிடி கொடு, போதும்."

"விற்பதற்கு என்ன அவசரம் பார்," என்றது அணில்.

கீரி மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டது. "அக்கா, அந்த முயல் வீடு எந்தப் பக்கம்? இதில் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகிறேன்," என்றபடி நடந்தது. மைனா விலையைக் குறைத்துக்கொண்டே பின்னால் பறந்துவந்தது.

உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தவர் அதை விற்கத் துடித்தால், வாங்குகிறவர் விலையைப் பார்க்கும் முன் அந்தத் துடிப்பைப் பார்க்க வேண்டும்.