சங்கின் முன் இரண்டு நிமிடம்

கடைசியில் ஒரு கேள்வி வரும். விடை கண்டுபிடிக்க நினைப்பவர்கள் கதையில் வரும் மாதங்களின் மேல் ஒரு கண் வைத்திருங்கள். பேய் உண்டா இல்லையா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

ஆற்றில் நீர் ஏறினால் தானாக அபாயச் சங்கை ஊதவைக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. பெயர் கரைக்காவல். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். அதன் தமிழ்க் கையேட்டைச் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் இணையத்தில் எழுதினார்கள். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'செய்து பார்த்தவர்' என்று ஒரு பெயர் இருக்க வேண்டும். கையால் செய்து கண்ணால் பார்க்காதவர் பெயர் அங்கே வரக் கூடாது.

முதல் சங்குக் கம்பத்தைத் தை மாதம் வேலந்துறையில் நட்டார்கள். அதற்கு முன் எல்லாரும் மேசைமேல் சின்ன ஒலிபெருக்கியை வைத்துத்தான் சோதித்தார்கள். யமுனை கரூரில் வங்கி வேலை பார்த்தாள். அவளுடைய அக்கா, இரண்டு பிள்ளைகளோடு வேலந்துறையில் ஆற்றோரம் குடியிருந்தாள். அந்தக் கவலையில்தான் யமுனை கையேடு எழுதவே வந்தாள்.

அடுத்து வந்த புரட்டாசியில், சங்கைச் சோதிக்கும் பக்கம் அவள் பொறுப்புக்கு வந்தது. அதன் கடைசி வரி: "சோதனை முடிந்ததும் சங்கின் முன் இரண்டு நிமிடம் நிற்கவும்." செய்து பார்த்தவர், எபனேசர். எதற்காக நிற்க வேண்டும் என்று அவர் எழுதவில்லை. யமுனை தன் மேசையில் செய்து பார்த்தாள். இரண்டு நிமிடமும் ஒன்றும் நடக்கவில்லை. வரியை நீக்கினாள்.

மறுநாள் காலை வரி அதே இடத்தில் இருந்தது. சேர்த்தவர், எபனேசர்.

குழுவை நடத்தும் ஜாகிரை அழைத்து, யார் இவர் என்று எரிச்சலோடு கேட்டாள்.

"எபனேசரா? அவர் போன ஐப்பசியிலயே தவறிட்டாருங்க. அடக்கத்துக்கு நானே போயிருந்தேன்."

அன்றைக்கே ஜாகிர் எபனேசரின் கணக்கைப் பூட்டினார். யமுனை வரியை மறுபடி நீக்கினாள். காலையில் வரி மறுபடி வந்தது, அதே பெயரில். மென்பொருளை எழுதிய வைதேகியோ, "என் புரோகிராம்ல ரெண்டு நிமிஷம்னு எதுவுமே இல்ல, தூக்கிடுங்க" என்றாள். மூன்றாம் முறை நீக்கியும் அது வந்தபோது யமுனை பயந்துபோய் அதைத் தொடாமல் விட்டுவிட்டாள்.

அந்த வாரமே வேலந்துறையில் கம்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊராட்சி ஊழியர் செங்கமலம், அந்தப் பக்கத்தைப் படித்துச் சங்கைச் சோதித்தார். ஐப்பசியில் வெள்ளம் வந்தது, சங்கு ஊதியது. அக்கா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஓடித் தப்பினாள். விஷயம் பிறகு செங்கமலம் யமுனையிடம் போனில் சொன்னபோதுதான் தெரிந்தது.

"நிக்கச் சொல்லிப் போட்டிருந்துச்சு, நின்னேன். சங்குப் பொட்டியில எரியுற பச்ச வெளக்கு கொஞ்சங் கொஞ்சமா மங்கி அணைஞ்சே போச்சும்மா. பேட்டரி செத்துருக்கு. புதுசு மாத்தினேன். நிக்காம வந்திருந்தா வெள்ளத்தன்னைக்கு சங்கு ஊதியிருக்காது."

பெரிய சங்கு ஊதினால்தான் பேட்டரியின் பலவீனம் வெளியே வரும், அதுவும் சற்றுப் பொறுத்து. மேசையில் அது தெரியவே தெரியாது.

யமுனை காரணத்தை எழுதிச் சேர்த்தாள். அடியில் யார் பெயர் என்பதில் சனிக்கிழமை முழுக்க வாக்குவாதம். எழுதியவர் எபனேசர், அவர் பெயரே இருக்கட்டும் என்றாள் வைதேகி. பக்கத்துக்குப் பொறுப்பு யமுனை, அவள் பெயர்தான் முறை என்றார் ஜாகிர்.

நீங்கள் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் நிற்க வேண்டிய பெயர் யாருடையது?

விடை: செங்கமலம். யமுனை செய்தது மேசையில். எபனேசர் இறந்தது ஐப்பசி, முதல் கம்பம் நட்டது அதற்கடுத்த தை. அவரும் உண்மையான சங்கின் முன் நின்றதே இல்லை. பிறகு எப்படி அந்த வரியை எழுதினார் என்றால், அதற்கு என்னிடம் விடை இல்லை. ஞாயிறு காலை பெயரை மாற்றலாமென்று யமுனை பக்கத்தைத் திறந்தாள். செய்து பார்த்தவர், செங்கமலம் என்று ஏற்கெனவே மாறியிருந்தது. மாற்றியவர், எபனேசர். அதன்பின் அந்தப் பக்கத்தில் அவர் கை படவில்லை.