பாறு பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, பாறுக்குக் கழுத்து நிறைய இறகு இருந்தது. பாறு என்றால் வேறொன்றுமில்லை. பிணந்தின்னிக் கழுகு என்று இன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்கிறோமே, அதுதான். அன்று அதன் பேரைக் கேட்டு யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அதன் கால்பிடிக்கு முயலும் தப்பாது, மான்குட்டியும் தப்பாது. செத்ததை அது ஏறெடுத்தும் பார்க்காது.

மலையடிவாரத்தில் வலை வைக்கும் குடி ஒன்று இருந்தது. பாறுகளை வலையில் பிடித்துக் காலில் தோல்வார் கட்டி வேட்டைக்குப் பழக்குவது அவர்கள் பிழைப்பு. அந்தக் குடிக்கு இரண்டு கட்டளைகள் இருந்தன. வாரில் மூன்று முடிச்சு போட வேண்டும், மழைக்காலம் ஒன்று முடிந்தால் முடிச்சு ஒன்றை அவிழ்க்க வேண்டும், மூன்றாவதும் அவிழ்ந்தால் பறவை தன் வழியே போய்விடலாம். இது ஒன்று. மற்றது, 'கட்டுண்ட வாய்க்குக் காது கொடுக்காதே' என்பது. வலையில் விழுந்த பறவை சும்மா இருக்குமா? குஞ்சு பட்டினி கிடக்கிறது என்னும், தாய்க்குக் கண் தெரியாது என்னும். கேட்டால் மனம் இளகும், மனம் இளகினால் உலை கொதிக்காது. அதனால் அந்தக் குடியில் குழந்தைகள் நடை பழகுவதற்கு முன்னாலேயே காதை மூடப் பழகினார்கள்.

வெள்ளச்சி அந்தக் குடியில் பிறந்தவள், அந்தக் குடியிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் கொம்பன் ஒரு பாறு வைத்திருந்தான். கழுத்து முழுக்க மஞ்சள் இறகாக இருந்ததால் அதற்கு மஞ்சக்கழுத்தி என்று பேர். இரண்டு மழையில் இரண்டு முடிச்சு அவிழ்ந்தது. மூன்றாம் வருஷம் வானம் கையை விரித்துவிட்டது. ஐப்பசியில் நாலு நாள் பெய்ததோடு சரி, கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே வதங்கிவிட்டது. வீட்டில் அடுப்பு எரிந்தது மஞ்சக்கழுத்தி புண்ணியத்தில்தான்.

கார்த்திகை முடிந்ததும் மஞ்சக்கழுத்தி காலை நீட்டியது.

"கொம்பா, மழ முடிஞ்சுபோச்சு. அவுத்து விடு."

"இதெல்லாம் ஒரு மழையா? வெறும் தூத்தல். அடுத்த வருசம் பாப்போம்" என்றான் கொம்பன்.

அவன் பேசியது தப்பு என்று வெள்ளச்சிக்குத் தெரியும். தூறலும் மழைக் கணக்குத்தான் என்று அவள் அப்பன் எத்தனையோ பறவையை அவிழ்த்துவிட்டதை அவளே பார்த்திருக்கிறாள். ஆனாலும் வாய் திறக்கவில்லை. சட்டியில் முயல்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை அவள் மூக்கிலும்தானே ஏறியது!

மறுநாள் காலையில், பறவை உட்காரும் தாங்குகட்டைக்கு அடியில் மூன்று இறகு கிடந்தது. வெள்ளச்சி கூட்டித் தள்ளினாள். அதற்கு மறுநாள் ஒரு கைப்பிடி கிடந்தது. அண்ணாந்து பார்த்தாள். மஞ்சக்கழுத்தி தலையைக் குனிந்து, நெஞ்சிலிருந்து ஓர் இறகைக் கவ்வி, நிதானமாக இழுத்துப் பிடுங்கிக் கீழே போட்டது. போட்டதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்ததைக் கவ்வியது.

"பேன் பிடிச்சிருக்கும்" என்றான் கொம்பன். வேப்பிலை போட்டுப் புகை காட்டினார்கள். வசம்பை அரைத்துப் பூசினார்கள். கண்ணேறாக இருக்குமோ என்று மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டார்கள். புழுதியில் புரண்டால் சரியாகும் என்று கூடை கூடையாக மணல் கொண்டுவந்து கொட்டினார்கள். முடியோடு முயல் தின்றால் இறகு நிலைக்கும் என்று யாரோ சொல்ல, தங்கள் பங்கையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்தார்கள். செய்ய வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார்கள்.

ஒவ்வொரு மருந்துக்கும் மஞ்சக்கழுத்தி ஒரே பதிலைத்தான் சொன்னது. "ஆத்தா, எனக்குப் பேனும் இல்ல, கண்ணேறும் இல்ல. கால்ல மூணாம் முடிச்சு இருக்கு. அதுதான் அரிக்குது."

வெள்ளச்சி காதில் அது விழத்தான் செய்தது. ஆனால் சின்ன வயதிலிருந்து பழகிய காது. வாசலில் காக்கை கரைந்தால் எப்படியோ அப்படித்தான் அவளுக்கு இருந்தது.

தை பிறந்தபோது பறவையின் நெஞ்சு வெறும் தோலாகி, தோலும் கிழிந்து ரத்தம் கசிந்தது. விடியற்குளிரில் அது வெடவெடவென்று நடுங்கியது. இப்படியே விட்டால் செத்துப்போகும் என்று வெள்ளச்சிக்குப் பயம் வந்தது. அவள் வலை பின்னுகிற கைக்காரி. தாழை நாரைத் திரித்து, உள்ளே இலவம்பஞ்சை அடைத்து, வெள்ளையாகப் பருமனாக ஒரு வளையம் பின்னினாள். கொம்பன் பறவையை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, கழுத்தின் அடியில் வைத்துக் கட்டினாள். அலகு இனி நெஞ்சுக்கு எட்டாது.

"ஆத்தா, இது வேண்டாம்" என்றது மஞ்சக்கழுத்தி.

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றாள் வெள்ளச்சி. அவள் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள். இந்த உலகத்தில் நம்பிச் செய்யும் கொடுமைதான் அதிகம்.

நெஞ்சில் இறகு முளைத்தது. ஆனால் வளையத்தைக் கழற்ற வேண்டும் என்று பறவை கழுத்தைக் கட்டையில் தேய்த்தது, சுவரில் தேய்த்தது, நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டே இருந்தது. மாசிக்குள் அந்த மஞ்சள் இறகெல்லாம் உதிர்ந்து, கழுத்தும் தலையும் மொட்டையாகிவிட்டன. 'கழுத்து போனால் என்ன, பறக்கிறதுக்கு இறக்கை போதாதா' என்று கொம்பன் சமாதானம் சொல்லிக்கொண்டான். வார் இறுக்கி இறுக்கிக் காலும் வலுவிழந்தது. விரல்கள் மடங்கவில்லை. மஞ்சக்கழுத்தி பாய்ந்து பிடித்த முயல் நழுவி ஓடியது. பறவை தவறவிட்டதைப் பிடிக்கக் கொம்பன் பாறைக்குப் பாறை தாவி ஓட வேண்டியிருந்தது.

அப்படி ஓடிய ஒருநாள் உச்சிவேளையில், மஞ்சக்கழுத்தி மட்டும் தனியாகப் பறந்துவந்து வாசலில் விழுந்தது. வார் காலிலேயே தொங்கியது.

"ஆத்தா, உன் புருசன் கரும்பாறைப் பள்ளத்துல விழுந்து கிடக்கான். கால் பாறையிடுக்குல மாட்டிக்கிச்சு. உசுர் இருக்கு. உன்னக் கூட்டியாரச் சொன்னான். வா."

வெள்ளச்சி வாரைப் பார்த்தாள். மூன்றாம் முடிச்சு அப்படியே இருந்தது. அனுப்பியவன் முடிச்சை அவிழ்க்காமலா அனுப்புவான்? கையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. வீட்டில் ஆளில்லாமல் செய்ய ஏதோ தந்திரம் பண்ணுகிறது. இப்படித்தான் அவள் புத்தி ஓடியது. வாரைப் பிடித்து இழுத்துத் தாங்குகட்டையில் கட்டினாள்.

"கட்டாத ஆத்தா. நானும் அவங்கிட்ட சொன்னேன், முடிச்ச அவுத்துட்டு அனுப்பு, இல்லாட்டி அவ நம்பமாட்டான்னு. 'அவுத்தா நீ திரும்பி வரமாட்ட, போயிட்டு வா, வந்தப்புறம் அவுக்குறேன்'னான்."

வெள்ளச்சி கேழ்வரகைத் திரிக்க உட்கார்ந்தாள். திருகைச் சத்தத்தில் பறவைப் பேச்சு அமுங்கிப்போனது.

கொம்பன் அன்று வரவில்லை. வேட்டை கிடைக்காவிட்டால் மலையிலேயே தங்குகிறவன்தானே என்று இருந்தாள். மறுநாளும் மஞ்சக்கழுத்தி சொல்லிக்கொண்டே இருந்தது. "வெயில் ஏறுது ஆத்தா. அவனுக்கு நாக்கு வறளும். குடுவையில தண்ணி எடுத்துக்க. வா." மத்தியானத்தில் குரல் கம்மியது. சாயங்காலம், "இன்னும் இருப்பான். ஓடு" என்றது. அதற்குப் பிறகு தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் வெள்ளச்சி எழுந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. மூன்று வருஷமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த சத்தம் இல்லை. அப்போதுதான் அவள் அந்தப் பேச்சை நினைத்துப் பார்த்தாள். ஏய்க்க நினைத்த பறவையானால் இப்படித் தொண்டை கிழியச் சொல்லுமா? அதுவும் கட்டிப்போட்ட பிறகு தன்னை விடச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லையே! வா, வா என்று அவனுக்காகத்தானே கூப்பிட்டது!

ஓடிப்போய் முடிச்சில் கைவைத்தாள். வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த முடிச்சு, நகத்துக்கு மசியவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். கழுத்து வளையத்தையும் இழுத்துப் பார்த்தாள். பஞ்சு தோலோடு ஒட்டிப் போயிருந்தது, வரவில்லை.

"சொல்லு, எங்க கிடக்கான்? கரும்பாறைப் பள்ளம் ஒரு காத தூரம் நீளமாச்சே, எந்த இடத்துல? என் ராசாத்தி, சொல்லு!"

முதல்முறையாக அவள் காது கொடுத்து நின்றாள். மஞ்சக்கழுத்தி அலகைத் திறந்தது. 'உஸ்' என்று ஒரு சீறல் மட்டும் வந்தது. அலகை மூடிக்கொண்டு எழும்பிப் பறந்தது. மலைக்கு மேலே போய், ஓர் இடத்தில் வட்டமிட்டது. இறக்கையை அடிக்காமல், அதே இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது.

வெள்ளச்சி அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். முள்ளில் சேலை கிழிந்தது, கல்லில் கால்நகம் பெயர்ந்தது, குடுவைத் தண்ணீர் வழியெல்லாம் சிந்தியது. வட்டத்துக்கு நேர் கீழே பள்ளத்தில் கொம்பன் கிடந்தான். கால் இடுக்கில் மாட்டியிருந்தது. கைக்கு எட்டிய செடியெல்லாம் இலை உருவப்பட்டிருந்தது, ஈரத்துக்காக மென்றிருக்கிறான். தொட்டுப் பார்த்தாள். உடம்பு இன்னும் விறைக்கவில்லை. அவன் கையில் அரைஞாண் கயிறு இருந்தது. ஒரு நாளுக்கு ஒன்றாக அதில் முடிச்சு போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறான். இரண்டு முடிச்சு முடிந்திருந்தது. மூன்றாவது பாதியில் நின்றிருந்தது.

எவ்வளவு நேரம் அழுதாள் என்று அவளுக்கே தெரியாது. தனி ஆளாக அவனைத் தூக்க முடியாது. ஊராரைக் கூட்டி வரப் போனாள். அவர்கள் வந்து சேரச் சாயங்காலமாகிவிட்டது.

மஞ்சக்கழுத்தி மூன்று நாளாகப் பட்டினி. மடங்காத விரலோடு ஓர் எலியைக்கூட அதனால் பிடிக்க முடியாது. ஊரார் எட்டிப் பார்த்தபோது அது அந்த மொட்டைக் கழுத்தைப் பிணத்துக்குள்ளே விட்டு வேலையை முடித்திருந்தது.

ஆண்கள் கல்லை எடுத்தார்கள். வெள்ளச்சி குறுக்கே போய் நின்றாள்.

"போடுறவங்க என் மேல போடுங்க. அது சொல்லிச்சு. ரெண்டு நாளா வாய் ஓயாமச் சொல்லிச்சு. நான்தான் கேக்கல."

கல்லெல்லாம் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது. மஞ்சக்கழுத்தி யாரையும் பார்க்காமல் எழும்பிப் போனது. அது இட்ட முட்டையிலும், அந்தக் குஞ்சுகள் இட்ட முட்டையிலும், கழுத்து மொட்டையாக, அடியில் வெள்ளைப் பஞ்சு வளையத்தோடு, எதையும் இறுகப் பற்றாத காலோடுதான் பாறுகள் பிறந்தன.

வலை வைக்கும் குடி அதற்குப் பிறகு எந்தப் பாறு மேலும் வலை வீசவில்லை. அன்று முதல்தான் பாறு மனிதரிடம் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, வானத்தில் வட்டம் மட்டும் போடுகிறது; அன்று முதல்தான் நாமும் அந்த வட்டத்தைக் கண்டதும், கீழே கிடப்பது யாரோ என்று ஓடிப் போய்ப் பார்க்கிறோம், எப்போதும் கொஞ்சம் பிந்தி.