எத்தனை எம்.எம்., டீச்சர்?

சீடருக்கு வயது அறுபத்துமூன்று. குருவுக்கு முப்பத்தொன்று.

சீடர் ஆவுடையப்பன், கணக்கு வாத்தியாராக இருந்து தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் கேமரா வாங்கினார். குரு ஜெபமலர், நாங்குநேரிப் பக்கத்துக் குளம் ஒன்றுக்குப் பறவைப் படம் எடுக்க வருகிறவர்களைக் கூட்டிப்போகிறவள். வேண்டியவர்களுக்கு லென்ஸ் வாடகைக்கும் கொடுப்பாள்; எம்.எம். கூடக் கூடத் தூரத்துப் பறவை கிட்டே வரும். அவளை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவளுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வராது.

அந்த வருஷம் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன. குஞ்சுகள் இன்னும் பறக்கப் பழகவில்லை. அதற்குள் அந்த மரங்களை வெள்ளிக்கிழமை வெட்டப் போவதாக ஊராட்சி அலுவலகக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஆவுடையப்பன் பதறிப்போய் ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடி அதிகாரியைப் பார்த்தார்.

"கூடு எதுவும் இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு சார். இருக்குன்னா போட்டோ கொண்டாங்க. நிறுத்திருவோம்," என்றார் அதிகாரி. நல்ல மனிதர்தான்.

ஆவுடையப்பன் இதை ஜெபமலரிடம் சொல்லவில்லை. ஆபீஸ் விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்பது அவருக்கு முப்பத்துநாலு வருஷப் பழக்கம். திங்கள்கிழமை காலையில் நேராகக் கேள்விக்கு வந்தார்.

"டீச்சர், கூழைக்கடாவுக்கு எத்தனை எம்.எம். லென்ஸ்?"

"உங்களுக்கு என்ன தெரியணும் சார்?"

"கூடு. குஞ்சு. தெளிவா."

"அறுநூறு."

அறுநூறைத் தூக்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஆனாலும் படம் கிடைத்தது. தாயின் தாடைப் பைக்குள் தலையை விட்டு மீன் தின்னும் குஞ்சு. இறகு இறகாக எண்ணலாம். பின்னால் எல்லாம் பச்சையாகக் கலங்கியிருந்தது.

அதிகாரி அசந்துபோனார். பக்கத்து மேஜைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கேட்டார்.

"எந்த ஊர்ல எடுத்தது சார்?"

செவ்வாய்க்கிழமை.

"டீச்சர், ஊரும் தெரியணும்."

"இருநூறு."

குளம் முழுக்க வந்தது. மரங்கள் வந்தன. கரைக்கு அப்பால் தண்ணீர் டேங்க், அதில் எழுதிய ஊர்ப் பெயர், ஒன்று விடாமல் வந்தது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மரத்துல வெள்ளை வெள்ளையா இருக்கே, என்னது?"

"கூழைக்கடா."

"அப்படியா? பாலித்தீன் பைன்னு நெனச்சேன்."

புதன்கிழமை.

"டீச்சர், ரெண்டும் வேணும்."

"நானூறு வச்சுப் பாருங்க."

அதிகாரி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "பறவை இருக்கு. மரமும் இருக்கு. ஆனா கூட்டுல இருக்கா, சும்மா உக்காந்திருக்கா? அதோட, இது இந்த வருஷந்தான்னு எப்படிச் சொல்லுவீங்க?"

ஆவுடையப்பன் அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. வியாழக்கிழமை எட்டு மணிக்கே குளத்துக் கரைக்கு வந்துவிட்டார். ஜெபமலரைச் சுற்றி ஏற்கெனவே ஆட்கள். மதுரையிலிருந்து வந்த பல் டாக்டர் அதே மரத்தைக் காட்டி, எந்த லென்ஸ் என்று கேட்டார். ஐநூறு என்றாள். கல்லூரியிலிருந்து வந்த ஒரு பெண்ணும் அதே மரத்தைக் காட்டிக் கேட்டாள். அவளிடம் நூறு போதும் என்றாள் ஜெபமலர்.

ஆவுடையப்பன் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார். தூரம், பறவையின் உயரம், எம்.எம். என்று மூன்று கட்டம் போட்டிருந்தார். எந்தக் கட்டமும் எதோடும் ஒத்துவரவில்லை. ஆட்கள் கலைந்ததும் நோட்டை நீட்டினார்.

"எனக்குத் தலை சுத்துது டீச்சர். அதே மரம், அதே பறவை. அவருக்கு ஐநூறு, அந்தப் பொண்ணுக்கு நூறு. எனக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு சொல்லுதீங்க."

"கேட்டது வேற வேற ஆளுல்லா சார்."

"அதுவும் போகட்டும். என் கேமராவுல நானூறு போட்டா அறுநூறுங்காங்க. நானூறு எப்படி அறுநூறாகும்? நான் கணக்கு எடுத்தவன்."

"உங்க கேமராவுல சென்சார் சின்னது. ஒன்றரையால பெருக்கணும்."

"பெருக்கினேன். பெருக்கியும் ஒண்ணும் விளங்கல."

அவர் குரல் உடைந்ததை ஜெபமலர் கவனித்தாள். அவர் கேமராவை வாங்கி லென்ஸைக் கழற்றினாள். மூடி போட்டுப் பைக்குள் வைத்தாள்.

"உக்காருங்க சார்."

கரையில் உட்கார்ந்தார்கள். அவள் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு எரிச்சலாக இருந்தது. மணி ஒன்பதாகப் போகிறது, இந்தப் பெண் உட்காரச் சொல்கிறாளே என்றிருந்தது.

ஒரு கூழைக்கடா தண்ணீரை உரசிக்கொண்டு வந்து மரத்தில் இறங்கியது. கிளை ஆடியது. குஞ்சுகள் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. அந்தக் கத்தலைக் கேட்டு அடுத்த மரத்துக் குஞ்சுகளும் கத்தின. மீன் வாடை மூக்கைத் துளைத்தது. நான்கு நாளாக இங்கேயே நின்ற மனிதர், இத்தனை சத்தத்தை இப்போதுதான் கேட்கிறார்.

யாரும் சொல்லாமலே எண்ண ஆரம்பித்தார்.

"நாப்பத்திமூணு கூடு," என்றார்.

"சரியா எண்ணிட்டீங்க."

"நாளைக்கு இந்த மரத்தை எல்லாம் வெட்டிருவாங்க டீச்சர்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். நோட்டீஸ், ரிப்போர்ட், அதிகாரி, மூன்று படங்கள். சொல்லி முடித்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. இந்தக் குஞ்சுகளுக்குத் தன்னை விட்டால் ஆளில்லை, தனக்கோ ஒரு லென்ஸ் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை என்று வெட்கமாக இருந்தது.

"இதுக்கா இத்தனை நாளா லென்ஸ் கேட்டீங்க?"

"ஆமா."

"அந்த அதிகாரி எங்க இருக்காரு?"

"ஆபீஸ்லதான். பத்து மணிக்கு வந்திருவாரு."

"இங்க இருந்து எவ்வளவு தூரம்?"

"ஒன்பது கிலோமீட்டர்."

சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் நோட்டைப் பிரித்தார். தூரம் என்ற கட்டத்தில் ஒன்பது கிலோமீட்டர் என்று எழுதினார். பேனாவை எம்.எம். கட்டத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அதுக்கு எத்தனை எம்.எம்., டீச்சர்?"

ஜெபமலர் நோட்டை வாங்கி மூடினாள்.

"உங்க ஸ்கூட்டர்ல பின் சீட்டு சும்மாத்தான சார் இருக்கு? போய் அவரை ஏத்திட்டு வாங்க."