மன்னர் வாயால் வந்த உத்தியோகம்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஒரு மன்னர் ஆண்டுவந்தார். ஆண்டார் என்றால், எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒருநாள் அவருக்கு ஓர் ஆசை வந்தது. சபையைக் கூட்டினார்.

"இன்று முதல் நம் அதிகாரிகள் அனைவரும் சுயமாக முடிவெடுக்க வேண்டும்."

"ஆஹா!" என்றது சபை.

"எடுக்குமுன் என்னைக் கேட்க வேண்டும்."

"ஆஹா, ஆஹா!" என்றது சபை, இன்னும் பலமாக.

சபையில் விகடம் பேசிப் பிழைத்துக்கொண்டிருந்த அம்பலத்தாடி எழுந்தான். "மன்னா, ஒரு சந்தேகம். நாங்கள் கேட்டால் தாங்கள் என்ன சொல்வீர்கள்?"

மன்னர் மீசையைத் தடவினார். "பார்க்கலாம்."

அந்த நாட்டில் ஒரு பெரிய ஏரி. வெள்ளம் வந்தால் அதன் மடையைத் திறந்துவிடுகிறவனுக்கு 'மடையன்' என்று உத்தியோகப் பெயர். மன்னர் நியமித்த மடையனைத் தவிர வேறு எவன் மடையில் கை வைத்தாலும் கையை வெட்டிவிடுவார்கள். சட்டம் அப்படி. இருந்த மடையன் பங்குனியில் செத்துப்போனான். ஏரிக்கடியில் குடியிருந்த கீழூர்க்காரர்கள் புது ஆள் கேட்டு சித்திரையில் வந்தார்கள். "பார்க்கலாம்." ஆடியில் வந்தார்கள். "பார்க்கலாம்."

பிரதானி குலசேகரருக்கு மட்டும் அந்தச் சொல் காதில் தேனாகப் பாய்ந்தது. மடைத் தண்ணீர் ஓட வேண்டிய வாய்க்காலில் அவர் வாழை வைத்திருந்தார்.

ஐப்பசி வந்தது. வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கீழூர்க் கருப்பாயி நனைந்த சேலையோடு நேரே சபைக்குள் வந்து நின்றாள்.

"சாமி, கரை கசியுது. முந்நூறு வீடு இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள மடையத் தொறக்கலேன்னா நாங்க இல்ல."

"பார்க்கலாம்."

"எப்ப சாமி பாப்பீங்க? நாங்க மெதக்கையிலயா?"

பிரதானி குறுக்கே விழுந்தார். "மன்னா, கரை பலமாகத்தான் இருக்கிறது. ஏழு பேரைக் குழுவாகப் போட்டு, நிதானமாக ஆராயச் சொல்லலாம்."

அம்பலத்தாடி கைகூப்பினான். "மன்னா, குழு வேண்டாம். ஒரே ஒரு மடையனை நியமியுங்கள், போதும்."

"பார்க்கலாம்."

"யாராவது ஒரு மடையன்."

"பார்க்கலாம் என்றேனே!"

"இவ்வளவு பெரிய சபையில் ஒரு மடையன்கூடவா தங்கள் கண்ணில் படவில்லை?"

மன்னருக்குக் கோபம் தலைக்கேறியது. "நீதானடா மடையன்! போடா வெளியே!"

அம்பலத்தாடி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தான். "உத்தரவு மன்னா!" என்றவன், ஓலை எழுதுகிறவர் பக்கம் திரும்பினான். "ஐயா, எழுதியாயிற்றா?"

"மன்னர் வாயிலிருந்து விழுவதையெல்லாம் எழுதத்தானே நான் உட்கார்ந்திருக்கிறேன்?"

அவ்வளவுதான். அம்பலத்தாடி ஓடினான், கருப்பாயி பின்னாலேயே ஓடினாள். பொழுது சாய்வதற்குள் மடை திறந்தது. வாய்க்காலில் நின்ற வாழையெல்லாம் படுத்துக்கொண்டது. கீழூர் பிழைத்தது.

மறுநாள் பிரதானி சபையில் மார்பில் அடித்துக்கொண்டார். "அநியாயம் மன்னா! தங்களைக் கேட்காமல் இவன் மடையைத் திறந்துவிட்டான். என் ஆயிரம் வாழையும் போயிற்று. சட்டப்படி கையை வெட்டுங்கள்!"

"வாய்க்காலில் உமக்கு ஏது வாழை?"

"அது... நான் சுயமாக எடுத்த முடிவு மன்னா."

"என்னைக் கேட்டீரா?"

"கேட்டேனே! 'பார்க்கலாம்' என்றீர்கள்."

மன்னர் தொண்டையைச் செருமிக்கொண்டு அம்பலத்தாடி பக்கம் திரும்பினார். "நீ யாரடா மடையைத் திறக்க?"

"தாங்கள் நியமித்த மடையன், மன்னா. ஓலையைப் படிக்கச் சொல்லுங்கள்."

ஓலைக்காரர் கணீரென்று படித்தார். "'நீதானடா மடையன், போடா வெளியே' என்று மன்னர் திருவாய் மலர்ந்தருளினார்."

"அது நியமனம் இல்லை, திட்டு!" என்று கத்தினார் பிரதானி.

"கேட்டீர்களா மன்னா? நிறைந்த சபையில் தாங்கள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர் என்கிறார்."

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லவில்லை!"

"அப்படியானால் நியமனம்தான். மடை ஏரிக்கரையில் இருக்கிறது. 'வெளியே போ' என்று மன்னர் இடமும் சொல்லித்தான் அனுப்பினார்."

மன்னர் சிரித்தார். கிரீடம் சரிந்து காதில் தொங்கும் வரை சிரித்தார். பிரதானி வெட்டச் சொன்ன அந்தக் கையிலேயே தம் பொற்காப்பைக் கழற்றிப் போட்டார். "இனி நீயே மடையனாக இரு."

"மன்னிக்க வேண்டும் மன்னா. எனக்கு நீச்சல் தெரியாது. நேற்றுக் கருப்பாயி என் இடுப்பில் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டதால்தான் இன்று நிற்கிறேன். வேறு நல்ல ஆளாகப் பாருங்கள்."

மன்னர் சபையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை பிரதானியிடம் வந்து நின்றது.

"குலசேகரரே, வெள்ளம் ஓடுகிற வாய்க்காலில் வாழை வைத்தீரே, நீர்தானய்யா சரியான மடையன்!"

ஓலைக்காரர் எழுத்தாணியை எடுத்தார். வெளியே மழை வலுத்தது. பிரதானி ஓடிவந்து கைகூப்பினார்.

"மன்னா... இது திட்டுத்தானே? நியமனம் இல்லையே?"

மன்னர் மீசையைத் தடவினார்.

"பார்க்கலாம்."